இரண்டு விரல் உயரத்தில் துருவம்: தோட்டத்து வானமும் கைப்பேசிச் செயலியும்



மே மாதம், ஆசிரியர் தினக் கொண்டாட்டமெல்லாம் முடிந்த ஒரு சனிக்கிழமை இரவு. நெகிரி செம்பிலானில், பகாவ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துத் திடலில் ஆறு மாணவர்களோடு நின்றுகொண்டிருந்தேன். முக்காலியில் ஒரு ஸ்டார் டிராக்கர், அதன்மேல் கேமரா, கையில் திறன்பேசி. செயலியைத் திறந்தால் கடிகார முகம் மாதிரி ஒரு வட்டம் வருகிறது. நடுவில் ஒரு கூட்டல் குறி. அதுதான் வானத்தின் வடதுருவம். அதற்குக் கீழே ஒரு சின்னப் புள்ளி. அதுதான் துருவ நட்சத்திரம். இந்த இடத்தில், இந்த நேரத்தில், நட்சத்திரம் இங்கேதான் இருக்கிறது என்று செயலி அடித்துச் சொல்கிறது. நாங்களும் வடக்கே பார்க்கிறோம். செம்பனை ஓலையும் அதற்கு மேலே வெளிறிய மூட்டமும்தான் தெரிகின்றன. நட்சத்திரத்தைக் காணோம்.

"சார், செயலி பொய் சொல்லுதா?" என்று கேட்டாள் ஐந்தாம் ஆண்டு மாணவி.

பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் ஒரு பெரியவர். பால்மரக் காலத்திலிருந்தே அந்தத் தோட்டத்தில் இருப்பவர். "வடக்கால என்ன சார் தேடுறீங்க?" என்றார்.

"துருவ நட்சத்திரம், தாத்தா."

"அதுவா? எங்கம்மா துருவன் கதை சொல்லுவாங்க. அப்பன் மடியில இடம் கெடைக்காத பிள்ளை, நட்சத்திரமா போய் நின்னுச்சுன்னு. ஆனா இதுதான் அதுன்னு இங்க யாரும் காட்டினதில்ல."

அந்த இரண்டு பேச்சும் என்னை விடவில்லை. செயலி பொய் சொல்லவில்லை. அந்தத் தாயின் கதையும் வீண்கதை இல்லை. ஆனாலும் நம் தோட்டத்தில் அந்த நட்சத்திரத்தை யாரும் காட்டியதில்லை. ஏன்? இதற்கு விடை தேடினால் கடலோடிகள், கப்பலேறி வந்த நம் பாட்டன் பாட்டிகள், பெரட்டு மணி, கைப்பேசி என்று ஒரு நீண்ட வரலாறே கிடைக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். அறிவியலுக்கும் வரலாற்றுக்கும் சேர்த்தே பயன்படுத்தலாம்.

டிராக்கருக்கு ஏன் துருவம் வேண்டும்?

பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 23 மணி 56 நிமிடம் 4 விநாடி ஆகிறது. அதனால் நட்சத்திரங்கள் கிழக்கிலிருந்து மேற்காக நகர்வதுபோல் தெரிகின்றன. ஒரு பாகையை 3600 பங்காக்கினால் வருவது ஒரு வில்விநாடி. வானம் விநாடிக்கு 15 வில்விநாடி நகர்கிறது. கண்ணுக்கு இது தெரியாது, கேமராவுக்குத் தெரியும். அரை நிமிடம் திறந்து வைத்தாலே புள்ளியாக இருக்க வேண்டிய நட்சத்திரம் கோடாக இழுபடும்.

ஸ்டார் டிராக்கர் செய்வது ஒரே வேலை. பூமி சுற்றும் வேகத்தில், எதிர்த்திசையில் கேமராவைச் சுற்றுகிறது. ஆனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும். அதாவது, வானத் துருவத்தை நோக்கி நிற்க வேண்டும். இந்த வேலைக்குத்தான் துருவச் சீரமைப்பு என்று பெயர். வடக்கத்திய நாடுகளில் துருவ நட்சத்திரத்தைக் குறிவைத்துவிட்டால் வேலை முடிந்தது.

இங்கே ஒரு பள்ளிக்கூடப் பாடம் உதவுகிறது. வானத் துருவம் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் இருக்கிறதோ, அதுவே நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை. சிரம்பான் வடக்கு 2.7 பாகை. போர்ட்டிக்சன் 2.5. பகாவ் 2.8. ஆக, நமக்குத் துருவம் தரையோடு தரையாகக் கிடக்கிறது. அவ்வளவு தாழ்ந்த நட்சத்திரத்தின் ஒளி, தலைக்கு மேலிருக்கும் நட்சத்திரத்தின் ஒளியைவிட ஏறக்குறைய 15 மடங்கு காற்றைக் கடந்து வர வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் அது வழியிலேயே மங்கிவிடும். மிச்சத்தை மரம் மறைக்கும். மாணவியின் கேள்விக்குப் பாதி விடை இதுதான். நட்சத்திரம் அங்கேதான் இருக்கிறது. நமக்கு வந்து சேரவில்லை.

விரலால் அளந்தவர்கள்

துருவத்தின் உயரத்தை அளந்தால் இடம் தெரியும் என்பதைக் கண்டுபிடித்தது கைப்பேசி இல்லை. இந்தியப் பெருங்கடலில் ஓடிய மாலுமிகள் பல நூற்றாண்டுகளாக இதை விரலால் செய்தார்கள். கையை நீட்டி, அடிவானத்துக்கும் துருவ நட்சத்திரத்துக்கும் இடையில் எத்தனை விரல் அடங்குகிறது என்று பார்ப்பது. 15-ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற அரபு மாலுமி இப்னு மாஜித் தம் நூல்களில் துறைமுகங்களை இத்தனை விரல் என்றே குறிக்கிறார். ஒரு விரல் என்பது ஏறக்குறைய ஒன்றரைப் பாகைக்குச் சற்று அதிகம்.

விரலுக்குப் பதில் பலகை வந்தது. அரபியர் அதைக் கமால் என்றார்கள். தமிழ்க் கடலோடிகளிடம் அது இராப்பலகை. ஒரு சின்ன மரப்பலகை, நடுவில் ஒரு கயிறு, கயிற்றில் முடிச்சுகள். முடிச்சைப் பல்லில் கடித்துக் கயிற்றை இழுத்துப் பிடிக்க வேண்டும். பலகையின் கீழ்விளிம்பு அடிவானத்தையும் மேல்விளிம்பு துருவ நட்சத்திரத்தையும் தொட்டால், அந்த முடிச்சுக்குரிய ஊரின் நேருக்கு வந்துவிட்டோம் என்று பொருள். சோழமண்டலக் கரை மாலுமிகள் இப்படி முடிச்சுப் போட்ட பலகையை வைத்துக் கப்பல் ஓட்டியதை கான்கிரீவ் என்ற ஆங்கிலேய அதிகாரி 1850-இல் மதராஸ் ஆய்விதழ் ஒன்றில் எழுதியிருக்கிறார். நீராவிக் கப்பல் வந்த பிறகும் இந்தப் பலகை புழக்கத்தில் இருந்திருக்கிறது.

இந்தக் கணக்கை நம் ஊர்களுக்குப் போட்டுப் பாருங்கள். நாகப்பட்டினம் 10.8 பாகை, அதாவது ஆறரை விரல். பினாங்கு 5.4 பாகை, மூன்றேகால் விரல். நெகிரி செம்பிலான் தோட்டங்கள் இரண்டு விரலுக்கும் குறைவு.

மார்க்கோ போலோவும் இதை அனுபவித்திருக்கிறார். 1290-களில் சீனாவிலிருந்து திரும்பும் வழியில் சுமத்திராவில் ஐந்து மாதம் தங்கினார். அங்கே துருவ நட்சத்திரம் தெரியவே இல்லை என்று அவர் நூல் சொல்கிறது. மேற்கே வந்து குமரி முனைக்குப் பக்கத்தில் கடலுக்குள் கொஞ்ச தூரம் போனபோதுதான் அது மறுபடி தலைகாட்டியதாம், தண்ணீருக்கு மேலே ஒரு முழ உயரத்தில். நம் திடலில் மாணவர்கள் தேடித் தோற்ற அதே நட்சத்திரத்தை, மலாக்கா நீரிணையின் அக்கரையில் அவரும் காணவில்லை.

இடம் மாறிய நட்சத்திரம்

ஒரு விஷயத்தை நாம் வகுப்பில் நேர்மையாகச் சொல்ல வேண்டும். "துருவ நட்சத்திரம் என்றும் அசையாதது, சங்க காலத்திலிருந்தே நம் முன்னோர் அதைப் பார்த்துத்தான் கப்பல் விட்டார்கள்" என்று மேடைகளில் பேசுகிறோம். நானும் பேசியிருக்கிறேன். அது அப்படியே சரியில்லை.

பூமியின் அச்சு, வேகம் குறைந்த பம்பரம்போல மெதுவாகத் தள்ளாடுகிறது. ஒரு முழுத் தள்ளாட்டத்துக்குச் சுமார் 26,000 ஆண்டு. கிரேக்க அறிஞர் இப்பார்க்கசு கி.மு. 2-ஆம் நூற்றாண்டிலேயே இந்த நகர்வைக் கவனித்தார். நகர்வதால், இன்று துருவத்துக்கு அருகில் இருக்கும் நட்சத்திரம் அன்று அங்கே இல்லை. 2000 ஆண்டுகளுக்கு முன் அது துருவத்திலிருந்து சுமார் 11 பாகை தள்ளி இருந்தது. முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்துக்குப் போன 1025-இல் சுமார் 6 பாகை தள்ளி இருந்தது. இன்று சுமார் 0.6 பாகைதான். 2100 வாக்கில் இன்னும் நெருங்கி, அரைப் பாகைக்கும் குறைவாகி, பிறகு விலகத் தொடங்கும்.

இதில் நமக்கு ஒரு வேடிக்கை இருக்கிறது. இராசேந்திரன் காலத்தில் இந்த நட்சத்திரம் துருவத்தைச் சுற்றி 6 பாகை ஆரத்தில் பெரிய வட்டம் போட்டது. ஆகவே பகாவிலிருந்து பார்த்தவருக்கு அது இரவின் ஒரு நேரத்தில் 8 பாகைக்கு மேல், அதாவது ஐந்து விரல் உயரம் ஏறியிருக்கும். வேறு நேரத்தில் அடிவானத்துக்குக் கீழே இறங்கியிருக்கும். இன்று அது துருவத்தை ஒட்டியே சுற்றுகிறது. அதனால் மேலேயும் ஏறாமல் கீழேயும் இறங்காமல் மூட்டத்துக்குள்ளேயே கிடக்கிறது. துருவத்துக்குக் கிட்டே போகப் போக, நம் தோட்டத்துக்கு அது எட்டாமல் போய்விட்டது.

அப்படியானால் பழைய மாலுமிகள் எப்படிச் சமாளித்தார்கள்? வட்டத்தில் நட்சத்திரம் இப்போது எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரிய வேண்டுமே! அதற்கும் கணக்கு வைத்திருந்தார்கள். எந்த நட்சத்திரக் கூட்டம் உச்சியில் இருந்தால் எத்தனை விரல் கூட்ட வேண்டும், எத்தனை விரல் கழிக்க வேண்டும் என்ற பட்டியல் இப்னு மாஜித் போன்றோர் நூல்களில் இருக்கிறது. ஐரோப்பிய மாலுமிகளிடமும் இப்படி ஒரு பட்டியல் இருந்தது. செயலி காட்டும் வட்டமும் அதிலுள்ள புள்ளியும் அந்தப் பட்டியலின் இன்றைய வடிவம்தான். மனப்பாடமாக இருந்தது கணினிக் கணக்காகியிருக்கிறது.

கப்பலில் வந்தவர்களும் கீழே இறங்கிய துருவமும்

நெகிரி செம்பிலானின் கித்தா தோட்டங்களுக்கு வந்த நம்மவர்களில் பெரும்பாலோர் திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆர்க்காடு பக்கத்தவர்கள். எல்லாம் 10-லிருந்து 13 பாகைக்குள் அடங்கும் ஊர்கள். அங்கே துருவ நட்சத்திரம் நீட்டிய கையின் ஒரு முஷ்டி உயரத்தில் நிற்கும். வயலில் படுத்திருக்கிறவருக்கே தெரியும். கல்யாணத்தில் மணமக்களுக்கு அதைக் காட்டலாம், அருந்ததியையும் காட்டலாம்.

அவர்கள் நாகப்பட்டினத்திலோ மதராஸிலோ கப்பலேறினார்கள். 1926-இல் கட்டப்பட்டு 1970-களின் தொடக்கம்வரை ஓடிய ரஜூலா கப்பலை நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் இன்னமும் பெயர் சொல்லிப் பேசுவார்கள். ஏறக்குறைய ஒரு வாரப் பயணம். டெக் டிக்கெட்டில் வந்தவர்களுக்குத் தலைக்கு மேலே வானம்தான். ஒவ்வொரு இரவும் அந்த நட்சத்திரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்திருக்கும். பினாங்கில் பாதி உயரம். போர்ட் சுவெட்டன்ஹாமில் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) இறங்கி ரயிலேறித் தோட்டத்துக்கு வந்து சேரும்போது காணாமலே போயிருக்கும்.

கதையைக் கொண்டுவந்தார்கள். சடங்கைக் கொண்டுவந்தார்கள். அம்மனையும் முனியாண்டியையும் கொண்டுவந்தார்கள். நட்சத்திரத்தைக் கொண்டுவர முடியவில்லை. பெரியவரின் தாய் கதையை மட்டும் சொல்லி நட்சத்திரத்தைக் காட்டாமல் விட்டதற்குக் காரணம் அறியாமை இல்லை. காட்ட முடியாத இடத்தில் வாழ வந்துவிட்டார்கள். 1938-இல் இந்திய அரசு கூலிப் பயணத்தை நிறுத்திய பிறகு, இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது வெறும் கதையாகவே நின்றுவிட்டது.

அருந்ததி மட்டும் தப்பித்தது. சப்தரிஷி மண்டலத்தில் வசிட்டரை ஒட்டி இருக்கும் அந்த மங்கலான நட்சத்திரம், நம் வடவானில் சுமார் 38 பாகை உயரம்வரை ஏறும். மே மாத இரவில் நம் தோட்டத்திலிருந்து தாராளமாகப் பார்க்கலாம்.

பெரட்டு மணியும் மாறிக்கொண்டே இருந்த கடிகாரமும்

தோட்டத்து ஆள்கள் வானத்தைப் பார்க்காதவர்கள் இல்லை. பால்மரத்தில் விடியற்காலையில்தான் பால் நன்றாக வடியும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். அதனால் இருட்டிலேயே பெரட்டு. பெயர் வாசித்து, வேலை பிரித்து, விளக்கோடு மரத்துக்குப் போவார்கள். கைக்கடிகாரம் கிராணிக்கும் துரைக்கும்தான். மற்றவர்களுக்குத் தட்டுகிற மணி. அதற்கும் முன்னால் எழுந்து உலை வைக்கிற பெண்களுக்குச் சேவல், விடிவெள்ளி. "விடிவெள்ளி இல்லாத மாசத்துல என்ன செஞ்சீங்க தாத்தா?" என்று கேட்டேன். "கார்த்திகைக் கூட்டம் எங்க நிக்குதுன்னு ஆத்தா பாத்துக்கும்" என்றார். வெள்ளிக் கோள் சில மாதம் விடியலிலும் சில மாதம் மாலையிலும் தெரியும் என்ற பாடம் இந்த ஒரு பதிலுக்குள் இருக்கிறது.

மணி சரியாகத்தான் அடித்தது. ஆனால் அந்த மணியின் பொருளே பலமுறை மாறியது. 1905-இல் மலாயாவின் நேரம் கிரீனிச்சைவிட 7 மணி நேரம் முன்னதாக வைக்கப்பட்டது. 1933-இல் 20 நிமிடம் கூட்டினார்கள். 1941-இல் மேலும் 10 நிமிடம். 1942-இல் ஜப்பானியர் வந்ததும் கடிகாரம் தோக்கியோ நேரத்துக்குப் போனது. 1945-இல் பழையபடி ஏழரை மணி. 1982 சனவரி 1-ஆம் நாள் தீபகற்பம் அரை மணி முன்னே தள்ளி எட்டு மணிக்கு வந்தது. வயதானவர்கள் இன்னமும் "பழைய நேரம்" என்று சொல்வது இதைத்தான்.

பகாவ் 102.4 பாகை தீர்க்கரேகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்குப் போட்டால், 1905-இல் கடிகாரம் சூரியனைவிடச் சுமார் 10 நிமிடம் முந்தியது. 1933-இல் 30 நிமிடம். 1941-இல் 40. ஜப்பான் காலத்தில் 2 மணி 10 நிமிடம். இன்று 70 நிமிடம். காலை 5 மணி என்று ஒரே சொல்தான். ஆனால் 1905-இன் 5 மணிக்குக் கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருக்கும்; தோக்கியோ நேரத்து 5 மணி உண்மையில் நடுநிசி தாண்டி மூன்று மணிகூட ஆகாத இருட்டு.

செயலிக்கும் இதே சிக்கல் உண்டு. கடிகார நேரத்தை அது நட்சத்திர நேரமாக மாற்ற வேண்டும். அதற்கு நேர வலயமும் தீர்க்கரேகையும் தெரிய வேண்டும். வலயத்தை ஒரு மணி நேரம் தவறாக வைத்தால் வட்டத்தில் நட்சத்திரப் புள்ளி 15 பாகை தள்ளி நிற்கும். ஆத்தா கார்த்திகைக் கூட்டத்தைப் பார்த்து மணி சொன்னதும், செயலி மணியைப் பார்த்து நட்சத்திரம் இருக்குமிடம் சொல்வதும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம்.

கருவி கைக்கு வந்த கதை

பூமியின் அச்சுக்கு இணையாக ஓர் அச்சை நிறுத்தித் தொலைநோக்கியைச் சுழற்றும் யோசனை பழையது. ஜெர்மானியர் பிரவுன்ஹோஃபர் 1824-இல் டோர்பாட் வானாய்வகத்துக்குச் செய்து கொடுத்த தொலைநோக்கியில் கடிகாரப் பொறியே அதைச் சுற்றியது. தமிழ்நாட்டில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் இதே முறைதான். காவலூரின் அட்சரேகைக்கு ஏற்ப அதன் அச்சு சுமார் 12.6 பாகை சாய்ந்து நிற்கிறது. அதை நம் தோட்டத்துக்குக் கொண்டுவந்தால் 10 பாகை தாழ்த்த வேண்டும்.

ஏழை ஆர்வலருக்கு வழி காட்டியவர் ஸ்காட்லாந்துக்காரர் ஜார்ஜ் ஹெய்க். இரண்டு பலகையைக் கதவுக் கீலால் இணைத்து, ஒரு திருகாணியால் மெல்லத் திறக்கும் எளிய கருவியை 1975-இல் ஒரு வானியல் இதழில் வெளியிட்டார். கீலின் அச்சு துருவத்தை நோக்க வேண்டும், அவ்வளவுதான். 2010-களில் மோட்டார் வைத்த சின்ன டிராக்கர்கள் கடைக்கு வந்தன. அதற்குச் சற்று முன்பே, 2008, 2009 வாக்கில், கைப்பேசிக்குள் காந்த உணரி வந்துவிட்டது. இடம் சொல்லும் ஜி.பி.எஸ்., சாய்வு சொல்லும் உணரி, திசை சொல்லும் காந்த உணரி மூன்றும் ஒரே சட்டைப்பைக்குள் சேர்ந்தன. பிஎஸ் அலைன் புரோ போன்ற துருவச் சீரமைப்புச் செயலிகள் இவற்றின் மேல்தான் நிற்கின்றன.

நம் தோட்டத்தில் சீரமைப்பது எப்படி?

செயலியின் பேர்போன வட்டம் நமக்கு அதிகம் உதவாது. நட்சத்திரம் தெரிந்தால்தானே அதை வட்டத்தில் பொருத்த முடியும்! நமக்கு வேண்டியது சாய்வும் திசையும் மட்டுமே.

முதலில் முக்காலியைச் சமதளமாக வையுங்கள். செயலி காட்டும் அட்சரேகையைக் குறித்துக்கொள்ளுங்கள். திறன்பேசியை டிராக்கரின் அச்சுக்கு இணையாக வைத்து, வடக்கு முனை 2.7 அல்லது 2.8 பாகை உயரும்வரை சரிசெய்யுங்கள். சில தாங்கிகள் இவ்வளவு தாழ இறங்காது. அப்போது முக்காலியின் பந்துத் தலையில் பொருத்திச் சமாளிக்கலாம்.

அடுத்தது திசை. நம் ஊருக்கு இயற்கை தந்த ஒரு சலுகை உண்டு. காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் இங்கே வேறுபாடு அரைப் பாகைக்கும் குறைவு. நியூசிலாந்தின் சில பகுதிகளில் இது 20 பாகைக்கு மேல். ஆனால் இரும்பு பக்கத்தில் இருந்தால் இந்தச் சலுகை போய்விடும். அன்றிரவு நான் செய்த தவறு அதுதான். காருக்குப் பக்கத்திலேயே முக்காலியை நிறுத்திவிட்டேன். முதல் படத்திலேயே நட்சத்திரமெல்லாம் இழுபட்டிருந்தது.

பெரியவர் எழுந்து வந்தார். "கோயிலு கெழக்கப் பாத்தது சார். கோயிலுக்கு முதுகக் காட்டி நில்லுங்க. எடக்கை நீட்டுனா வடக்கு. ஒங்க மிசின் அந்த மூலையில்ல காட்டுது!" பார்த்தால் 20 பாகைபோல வித்தியாசம். முக்காலியைத் திடலின் நடுவுக்கு மாற்றி, திறன்பேசியைக் காற்றில் எட்டுப் போட்டு அளவுதிருத்தம் செய்தோம். அம்மன் கோயிலும் காந்த உணரியும் ஒத்துப்போயின.

வானத்திலும் சாட்சி இருக்கிறது. மே மாத நடுவில் இரவு 9-லிருந்து 10 மணிக்குள், வடக்கே சப்தரிஷி மண்டலத்தின் முன்னிரண்டு நட்சத்திரங்களை இணைக்கும் கோடு கீழ்நோக்கி வடதுருவத்தைக் காட்டும். தெற்கே தென்சிலுவையின் நீளக் கோடு கீழ்நோக்கித் தென்துருவத்தைக் காட்டும். இரண்டையும் ஒரே இரவில் நன்றாகப் பார்க்கும் வாய்ப்பு, நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்கு வாய்த்தது.

எவ்வளவு பிழை தாங்கும்? அச்சு ஒரு பாகை தவறினால் நட்சத்திரம் நிமிடத்துக்கு அதிகபட்சம் சுமார் 16 வில்விநாடி விலகும். 24 மி.மீ. லென்சில், பொதுவான கேமராவில் ஒரு படப்புள்ளி சுமார் 34 வில்விநாடி. ஆகவே கைப்பேசி 3 பாகை தவறினாலும் ஒரு நிமிடப் படத்தில் ஒன்றரைப் படப்புள்ளிதான் நகரும், பெரிதாகத் தெரியாது. டிராக்கர் இல்லாமல் எடுத்தால் அரை நிமிடத்திலேயே 13 படப்புள்ளி இழுபடும். 200 மி.மீ. லென்சுக்கு இந்தத் துல்லியம் போதாது.

அதற்கு விலகல் முறை இருக்கிறது. உச்சிக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்துத் தொடருங்கள். அது தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே சாய்ந்திருக்கிறது. வடக்கே நழுவினால் மேற்கே. பிறகு கிழக்கு வானில் ஒரு நட்சத்திரம்: தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே நழுவினால் உயர்ந்திருக்கிறது. இதற்குச் செயலியும் வேண்டாம், துருவ நட்சத்திரமும் வேண்டாம்.

வகுப்பறைக்கு

டிராக்கர் வாங்க முடியாத பள்ளிகள் ஹெய்க்கின் கீல்பலகையைச் செய்யலாம். 6 மி.மீ. திருகாணி பொதுவாக ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகரும். கீலிலிருந்து 229 மி.மீ. தள்ளித் திருகாணியைப் பொருத்தி, நிமிடத்துக்கு ஒரு சுற்று கையால் திருகினால் போதும், பலகை வானத்தின் வேகத்தில் திறக்கும். ஏன் 229 என்பதை ஆறாம் ஆண்டு மாணவர்களோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். இராப்பலகையை அட்டையிலேயே செய்து, சொந்த ஊருக்கு ஒன்று, பினாங்குக்கு ஒன்று, நாகப்பட்டினத்துக்கு ஒன்று என முடிச்சுப் போடலாம். இரவு நிகழ்ச்சிக்குப் பெற்றோர் அனுமதியும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதியும் கட்டாயம். பாம்பு, காட்டுப்பன்றி நடமாட்டம் இருப்பதால் திடலை விட்டுப் பிள்ளைகளை நகர விடாதீர்கள்.

இன்னொரு வேலையைத் தள்ளிப்போட முடியாது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத் துண்டாடலிலும் மேம்பாட்டிலும் மக்கள் பட்டணத்துக்குப் போனார்கள். பள்ளிகளும் பல இடங்களில் மூடப்பட்டன, அல்லது இடம் மாறின. சிரம்பான், செனவாங், நீலாய் பக்கம் விளக்கு வெளிச்சம் ஆண்டுக்காண்டு வானத்தைத் தின்கிறது. துருவ நட்சத்திரம் எங்கே என்று கேட்டால் கைப்பேசி எப்போது வேண்டுமானாலும் சொல்லும். ஆத்தா எதைப் பார்த்து உலை வைத்தார், மழைக்கு முன்னால் எந்தப் பக்கம் மின்னியது, எந்த நட்சத்திரத்துக்கு வீட்டில் என்ன பெயர் என்று கேட்டால் சொல்வதற்கு இன்னும் சில பெரியவர்கள்தான் இருக்கிறார்கள். அடுத்த பள்ளி விடுமுறைக்குள் உங்கள் மாணவர்கள் ஆளுக்கு ஒரு தாத்தாவையோ பாட்டியையோ கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி வைக்கட்டும்.

அன்றிரவு இரண்டாவது படம் 60 விநாடி. மாணவி திரையில் பெரிதாக்கிப் பார்த்தாள். நட்சத்திரங்கள் புள்ளி புள்ளியாக இருந்தன. "அப்போ அந்த நட்சத்திரம் தெரியாமலே சரியா வெச்சிட்டோமா சார்?" என்றாள். பெரியவரும் எட்டிப் பார்த்தார். தென்சிலுவையைக் காட்டி, "இதுக்கு என்ன பேரு?" என்று கேட்டார். நான் பெயரைச் சொன்னேன். பிறகு நான் அவரிடம் கேட்டேன், "நீங்க இத என்னன்னு சொல்லுவீங்க தாத்தா?" அவர் யோசித்தார். "எங்கம்மா ஏதோ சொல்லும் சார். மறந்துபோச்சு."